கண்ணுக்குத் தெரியாத பட்டறை: மரபுப் பொறியியல் – ஓர் எளிய அறிமுகம்



இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவனுக்கு உயிரியலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மலர்க் குழுவிலும் இதையேதான் கேட்டார்கள். "லேத் பத்தி எழுதுடா, சி.என்.சி. பத்தி எழுது, உனக்கு எதுக்கு ஜீனும் கீனும்?" என்றான் ஒரு நண்பன். நியாயமான கேள்விதான். பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர்கள்தானே நாமெல்லோரும்! நானும் அப்படித்தான் இருந்தேன்... போன கார்த்திகை மாதம் வரை.

என் அப்பா ஒரு டர்னர். பம்ப் ஷாஃப்ட் கடைவதில் முப்பது வருட அனுபவம். ஏழெட்டு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரையில் அடங்காமல் போகவே, மூன்று வருடமாக காலையும் இரவும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டார். வீட்டில் நாங்கள் எல்லோரும் அவரை 'சாமி' என்று கூப்பிட ஆரம்பித்தோம். நாலைந்து நாள் கழித்து டீக்கடையில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்: "சாமி, நீங்க போடற ஊசி பன்னியோட உடம்புல இருந்து எடுக்கறதுங்க. மாலை போட்டுட்டு அதை உடம்புல ஏத்தலாமுங்களா?"

அப்பா யாரிடமும் எதுவும் பேசவில்லை. ஊசியை நிறுத்திவிட்டார்.

ஒன்பதாம் நாள் பட்டறையிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 480-க்கு மேல். நாலு நாள் அங்கேயே இருந்தோம். டாக்டர் எங்களைத் திட்டினார், நியாயம்தான். ஆனால் கட்டிலில் படுத்திருந்த அப்பா என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்ட கேள்விதான் என்னைக் குத்தியது.

"நீ படிச்சவன்தான கண்ணு... அந்தப் புட்டியில என்னதான் இருக்குதுன்னு நீ சொல்லு. பன்னியா, இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை. புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'ஹியூமன் இன்சுலின்' என்று போட்டிருந்தது. கீழே 'ஆர்-டி.என்.ஏ. ஆரிஜின்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. அப்படியென்றால் மனிதனிடமிருந்து எடுத்ததா? அது இன்னும் பயமாக இருந்தது! வேதியியல் சாரிடம் போய் நின்றேன். அவர் நூலகத்தில் மூன்று புத்தகங்களைக் காட்டினார். அரையாண்டு விடுமுறை முழுக்க அவற்றோடுதான் போனது. அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே, நம் பட்டறை மொழியிலேயே, உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உயிர்த் தொழில்நுட்பம் – புதியதா, பழையதா?

உயிருள்ளவற்றைக் கொண்டோ, அவற்றின் பகுதிகளைக் கொண்டோ நமக்கு வேண்டிய பொருளைத் தயாரிப்பதே உயிர்த் தொழில்நுட்பம். 'பயோடெக்னாலஜி' என்ற சொல்லை 1919-ல் பயன்படுத்தியவர் ஹங்கேரி நாட்டின் வேளாண் பொறியாளர் கார்ல் எரெக்கி. கவனியுங்கள், அவர் ஒரு பொறியாளர்!

சொல் புதிது, செயல் மிகப் பழையது. நம் வீட்டில் இரவு அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அது யார் செய்த வேலை? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் செய்த வேலை. பாலில் ஒரு கரண்டி மோர் விட்டால் தயிராவதும் அப்படியே. அம்மா ஒவ்வொரு நாளும் ஒரு நுண்ணுயிர்த் தொழிற்சாலையை நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்!

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தயிர் பாக்டீரியா தனக்குத் தெரிந்த வேலையை மட்டுமே செய்யும். அதற்குத் தெரியாத ஒரு வேலையை அதற்குக் கற்றுக்கொடுக்க முடியுமா? அதன் மரபுப் பொருளையே மாற்றி, நாம் சொல்லும் பொருளைச் செய்ய வைக்க முடியுமா? முடியும் என்பதுதான் மரபுப் பொறியியல்.

டி.என்.ஏ. – ஆபீசில் இருக்கும் மாஸ்டர் டிராயிங்

ஒரு கம்பெனியில் மாஸ்டர் டிராயிங் எங்கே இருக்கும்? ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருக்கும். எண்ணெய்க் கையோடு யாரும் அதைத் தொட முடியாது. பட்டறைக்கு வருவது அதன் நகல் மட்டுமே. நகலைப் பார்த்து டர்னர் ஜாப்பைக் கடைகிறார்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் இப்படியொரு கம்பெனிதான். செல்லின் உட்கரு ஆபீஸ். அங்கே இருக்கும் டி.என்.ஏ. மாஸ்டர் டிராயிங். அதிலிருந்து எடுக்கப்படும் நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அந்த நகல் உட்கருவை விட்டு வெளியே வந்து, ரைபோசோம் என்ற லேத்துக்குப் போகிறது. ரைபோசோம் அந்த நகலைப் படித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதத்தைச் செய்கிறது. நம் உடம்பில் நடக்கும் அநேகமாக எல்லா வேலைகளையும் பார்ப்பவை இந்தப் புரதங்களே. இன்சுலினும் ஒரு புரதம்தான்.

டி.என்.ஏ. பார்ப்பதற்கு முறுக்கிய ஏணி போல இருக்கும். இந்த அமைப்பை 1953-ல் ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிரிக் இருவரும் வெளியிட்டார்கள். ரோசலிண்ட் ஃபிராங்ளின் என்ற பெண் விஞ்ஞானியின் எக்ஸ்-கதிர் ஆய்வுகள் அதற்குப் பெரிதும் உதவின. 1958-ல் அவர் காலமானார். 1962-ல் மற்றவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை.

இந்த ஏணியின் படிகளில் நான்கே நான்கு எழுத்துகள்தான்: ஏ, டி, ஜி, சி. எதிரெதிரே ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்றுதான் சேரும். போல்ட்டுக்கு அதன் அளவு நட்டுதானே பொருந்தும், அது போல! மனிதனின் ஒரு தொகுதி டி.என்.ஏ.வில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் உண்டு. அவை 23 குரோமோசோம்களாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்றாக நமக்கு இரண்டு தொகுதிகள்.

அந்த நீண்ட டிராயிங்கில், ஒரு குறிப்பிட்ட புரதத்துக்கான பகுதியே ஜீன் எனப்படும் மரபணு. இன்சுலினுக்கான ஜீன் 11-ஆம் குரோமோசோமில் உள்ளது.

நான்கு எழுத்தில் இவ்வளவு பெரிய செய்தியை எப்படி எழுதுவது? மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்து. நான்கு எழுத்தில் மூன்றெழுத்துச் சொற்கள் 4 × 4 × 4 = 64 வரும். புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலங்களோ 20-தான். ஆக, தாராளமாகப் போதும். எந்தச் சொல்லுக்கு எந்த அமினோ அமிலம் என்று கண்டறிந்ததற்காக 1968-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், இந்தியாவில் பிறந்து அமெரிக்கா சென்ற ஹர் கோவிந்த் கொரானா.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்த மூன்றெழுத்து மொழி மனிதனுக்கும், வாழை மரத்துக்கும், பாக்டீரியாவுக்கும் அநேகமாக ஒன்றேதான்! எந்த ஊர் டர்னரிடம் கொடுத்தாலும் டிராயிங்கில் உள்ள அளவைப் படிப்பாரல்லவா? அதுபோல மனித ஜீனை பாக்டீரியாவிடம் கொடுத்தாலும் அது படிக்கும். மரபுப் பொறியியல் முழுவதும் நிற்பது இந்த ஒரு அஸ்திவாரத்தின் மேல்தான்.

பன்றி இன்சுலின் – பொய்யா, உண்மையா?

டீக்கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யல்ல, நண்பர்களே. அது ஒரு காலத்து உண்மை.

1921-ல் கனடாவின் டொரன்டோ நகரில் ஃபிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் இருவரும் விலங்கின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தார்கள். அதைத் தூய்மைப்படுத்தித் தந்தவர் ஜேம்ஸ் கோலிப். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக ஊசி போடப்பட்டது. அதற்கு முன்பு அந்த வயதில் சர்க்கரை நோய் வந்தால் முடிவு ஒன்றுதான். அந்தப் பையன் பிழைத்தான். இந்தக் கண்டுபிடிப்பின் உரிமையை மூவரும் தலைக்கு ஒரே ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திற்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எப்பேர்ப்பட்ட மனசு!

அதன்பின் அறுபது ஆண்டுகள் உலகம் முழுவதும் பயன்பட்டது, இறைச்சிக் கூடங்களிலிருந்து வந்த பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின்தான். கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது அது. ஆனால் சிக்கல்களும் இருந்தன. கால் கிலோவுக்கும் குறைவான இன்சுலின் எடுக்க டன் கணக்கில் கணையம் வேண்டும். தவிர, அது அச்சு அசல் மனித இன்சுலின் அல்ல. இன்சுலினில் மொத்தம் 51 அமினோ அமிலங்கள். அதில் பன்றிக்கும் நமக்கும் 1 இடத்தில் வேறுபாடு. மாட்டுக்கும் நமக்கும் 3 இடங்களில். இதனால் சிலருக்கு ஒவ்வாமை வந்தது. சர்க்கரை நோயாளிகள் பெருகிக்கொண்டே போனால் கணையத்துக்கு எங்கே போவது என்ற கவலையும் இருந்தது.

அப்போதுதான் சிலர் கேட்டார்கள்: டிராயிங் கையில் இருந்தால், வேறு பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாமே!

கருவிகள் – வெட்ட ஒன்று, ஒட்ட ஒன்று

டி.என்.ஏ.வை வெட்ட எந்தக் கத்தி? அந்தக் கத்தியை மனிதன் செய்யவில்லை. பாக்டீரியாவிடமே இருந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு. வைரஸ் தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்தும்போது, பாக்டீரியா அதைக் கண்டதுண்டமாக வெட்டிவிடும். அப்படி வெட்டும் நொதிகளுக்கு ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் என்று பெயர். தமிழில் வெட்டு நொதி எனலாம். இவற்றைக் கண்டறிந்த ஆர்பர், நாதன்ஸ், ஸ்மித் மூவருக்கும் 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் சிறப்பு, கண்ட இடத்தில் வெட்டாது என்பதே. உதாரணமாக ஈகோ-ஆர்-1 என்ற நொதி, ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற எழுத்து வரிசை எங்கே வருகிறதோ அங்கே மட்டும், ஜி-க்கும் ஏ-க்கும் நடுவில் வெட்டும். எதிர் இழையிலும் அதே வரிசை தலைகீழாக இருப்பதால் அங்கும் வெட்டும். விளைவாக, வெட்டுவாய் நேராக இல்லாமல் படி வைத்தது போல் இருக்கும். தச்சர் மரத்தில் பாதி தடிமன் எடுத்து இணைப்பு போடுவாரே, அதேதான்! ஒரே நொதியால் வெட்டிய எந்த இரண்டு துண்டும், அவை எந்த உயிரினத்திலிருந்து வந்தாலும், ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். பொருந்தினால் போதுமா? வெல்டிங் வைக்க வேண்டாமா? அதற்கு லைகேஸ் என்ற இன்னொரு நொதி.

சரி, ஜீனை எதில் வைத்து உள்ளே அனுப்புவது? பாக்டீரியாவுக்கு அதன் முக்கிய டி.என்.ஏ. தவிர, வளையல் போன்ற குட்டி டி.என்.ஏ. வளையங்கள் உண்டு. பிளாஸ்மிட் என்று பெயர். இவை ஒரு செல்லை விட்டு இன்னொரு செல்லுக்குப் போகக்கூடியவை. இந்த வளையத்தை வெட்டி, இடையில் நம் ஜீனை வைத்து, லைகேஸால் ஒட்டினால் வண்டி தயார்!

1972-ல் பால் பெர்க் இரு வேறு மூலங்களின் டி.என்.ஏ.க்களை முதன்முதலில் ஒட்டிக் காட்டினார். அதே ஆண்டு ஹவாய்த் தீவில் நடந்த ஒரு மாநாட்டில், வெட்டு நொதியில் கைதேர்ந்த ஹெர்பர்ட் போயரும், பிளாஸ்மிடில் கைதேர்ந்த ஸ்டான்லி கோஹனும் சந்தித்துப் பேசினார்கள். ஒருவரிடம் டூல், இன்னொருவரிடம் வண்டி! 1973-ல் வேற்று ஜீனைச் சுமந்த பிளாஸ்மிட் பாக்டீரியாவுக்குள் பெருகுவதை இருவரும் நிரூபித்தார்கள். இப்படி வெட்டி ஒட்டிய டி.என்.ஏ.வுக்கு 'ரீகாம்பினன்ட் டி.என்.ஏ.' என்று பெயர். அப்பாவின் புட்டியில் நான் பார்த்த 'ஆர்-டி.என்.ஏ.' இதுதான்!

இன்சுலின் செய்த கதை

1976-ல் போயரும் ராபர்ட் ஸ்வான்சன் என்பவரும் சேர்ந்து ஜெனென்டெக் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். இன்சுலினுக்கு ஏ சங்கிலி, பி சங்கிலி என்று இரண்டு பகுதிகள். ஒன்றில் 21 அமினோ அமிலங்கள், மற்றதில் 30. இந்த வரிசையை ஃபிரெடரிக் சாங்கர் 1955-லேயே முழுமையாகக் கண்டுபிடித்திருந்தார். ஆக, டிராயிங் கையில் இருந்தது. 51 அமினோ அமிலங்களுக்கு 51 × 3 = 153 எழுத்துகள்.

அவர்கள் மனித செல்லிலிருந்து ஜீனை வெட்டி எடுக்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மனித ஜீனில் நடுநடுவே தேவையற்ற பகுதிகள் உண்டு. அவற்றை நீக்கிப் படிக்க நம் செல்லுக்குத் தெரியும், பாக்டீரியாவுக்குத் தெரியாது. எனவே, வேண்டிய எழுத்துகளை மட்டும் சோதனைச் சாலையில் வேதியியல் முறையில் ஒவ்வொன்றாகச் சேர்த்தே அந்த ஜீனைத் தயாரித்தார்கள். சிட்டி ஆஃப் ஹோப் என்ற மருத்துவ ஆய்வு நிலையத்தின் கெய்ச்சி இடகுரா, ஆர்தர் ரிக்ஸ் ஆகியோர் இதைச் செய்தார்கள்.

அந்த ஜீனை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் அனுப்பினார்கள். இங்கே ஒரு பட்டறைப் பிரச்சினை வந்தது! இன்சுலின் சங்கிலி மிகச் சிறியது. இப்படிச் சின்னப் புரதத்தைச் செய்தால் பாக்டீரியா அதைக் குப்பை என்று நினைத்துத் தானே சிதைத்துவிடும். நாம் என்ன செய்வோம்? சின்ன ஜாப்பைச் சக்கில் பிடிக்க முடியாதென்றால் நீள ராடிலேயே கடைந்து, கடைசியில் பார்ட்டிங் டூலால் வெட்டி எடுப்போமல்லவா? அவர்களும் அதையேதான் செய்தார்கள்! பாக்டீரியாவின் ஒரு பெரிய புரதத்தின் நுனியில் இன்சுலின் சங்கிலி ஒட்டி வரும்படி ஜீனை அமைத்தார்கள். இணைப்பில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை வைத்தார்கள். சயனோஜன் புரோமைடு என்ற ரசாயனம் மெத்தியோனின் உள்ள இடத்தில் மட்டும் வெட்டும். இன்சுலினுக்குள் மெத்தியோனின் கிடையவே கிடையாது. ஆகவே ஜாப்பில் ஒரு கீறல்கூட விழாமல் தனியாக வந்துவிட்டது! பிறகு ஏ, பி இரண்டு சங்கிலிகளையும் கந்தகப் பிணைப்புகளால் சேர்த்தார்கள். 1978-ல் மனித இன்சுலின் தயார். 1982 அக்டோபரில் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. 'ஹியூமுலின்' என்ற பெயரில் எலி லில்லி கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மரபுப் பொறியியலில் தயாராகி, மனிதருக்கு மருந்தாக அனுமதி பெற்ற முதல் பொருள் இதுவே.

இன்ஸ்பெக்‌ஷனும் உற்பத்தியும்

பிளாஸ்மிடைக் கலந்தவுடன் எல்லா பாக்டீரியாவும் அதை வாங்கிக்கொள்ளாது. மிகச் சிலவே வாங்கும். அவற்றைப் பிரிப்பது எப்படி? நமக்கு கோ - நோகோ கேஜ் இருப்பது போல அவர்களுக்கும் ஒன்று உண்டு. பிளாஸ்மிடிலேயே, ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாங்கும் ஜீனையும் வைத்துவிடுவார்கள். பிறகு அந்த மருந்து கலந்த தட்டில் வளர்ப்பார்கள். பிளாஸ்மிட் வாங்கியது பிழைக்கும், வாங்காதது செத்துவிடும். அவ்வளவுதான் இன்ஸ்பெக்‌ஷன்!

ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். பத்து மணி நேரத்தில் 30 முறை. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 2-ன் அடுக்கு 30 என்றால் 107 கோடிக்கும் மேல்! ஒன்றிலிருந்து ஓர் இரவில் 107 கோடித் தொழிலாளிகள். ஷிப்ட் இல்லை, ஓவர்டைம் கேட்பதில்லை.

இவற்றை வளர்க்கும் பெரிய கலன்தான் ஃபெர்மென்டர். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி; உள்ளே கலக்கும் விசிறி; கீழேயிருந்து கிருமி நீக்கிய காற்று; வெப்பநிலை, அமிலத்தன்மை, ஆக்சிஜன் ஆகியவற்றை அளக்கும் கருவிகள். பாக்டீரியா வளரும்போது வெப்பம் உண்டாகும். அதைக் குளிர்விக்கத் தொட்டியைச் சுற்றி நீர் உறை. வளர்ந்தபின் செல்களை உடைத்து, இன்சுலினைப் பிரித்து, பல கட்டங்களில் தூய்மைப்படுத்துவார்கள். இன்று முறைகள் மேலும் மாறியுள்ளன. இரு சங்கிலிகளைத் தனித்தனியாகச் செய்யாமல், ஒரே சங்கிலியாகச் செய்து நொதியால் வெட்டிச் சரிசெய்கிறார்கள். சில கம்பெனிகள் ஈ.கோலைக்குப் பதிலாக ஈஸ்டைப் பயன்படுத்துகின்றன.

இதன் மற்ற பயன்கள்

இன்சுலின் ஒரு தொடக்கம்தான். வளர்ச்சிக் குறைவுள்ள குழந்தைகளுக்குத் தரும் வளர்ச்சி ஹார்மோனை முன்பு இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்தார்கள். அதனால் சிலருக்குக் கொடிய மூளை நோய் பரவியது தெரிந்து 1985-ல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள். அதே ஆண்டில் மரபுப் பொறியியல் ஹார்மோன் அந்த இடத்துக்கு வந்தது. ஹெபடைடிஸ்-பி மஞ்சள் காமாலைக்கான தடுப்பூசியும் இம்முறையில் ஈஸ்டில் தயாராகிறது. 1997-ல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இதை இந்தியாவிலேயே தயாரித்து வெளியிட்டது. 2012-ல் அறிமுகமான கிரிஸ்பர் முறையில், டி.என்.ஏ.வில் நாம் குறிக்கும் இடத்திலேயே வெட்டித் திருத்தலாம். அதற்காக 2020-ல் எம்மானுவேல் சார்பென்டியே, ஜெனிஃபர் டவுட்னா என்ற இரு பெண்மணிகள் நோபல் பரிசு பெற்றார்கள். 2023-ல் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கு இம்முறையிலான சிகிச்சை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.

பயம் வேண்டாமா?

வேண்டும். கத்தி என்றால் கவனமும் வேண்டும். இதை முதலில் சொன்னவர்கள் விஞ்ஞானிகளே. 1974-ல் பால் பெர்க் முதலானோர், சில வகை ஆய்வுகளைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கும்படி உலகத்தையே கேட்டுக்கொண்டார்கள். 1975-ல் கலிபோர்னியாவின் அசிலோமாரில் கூடி, பாதுகாப்பு விதிகளை வகுத்தார்கள். வேலை தொடங்கும்முன் கார்டு மாட்டுவது போல!

நம் நாட்டில் 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ஜீனைப் பருத்தியில் வைத்ததால், காய்ப்புழுவைக் கொல்லும் புரதம் செடியிலேயே உண்டாகிறது. ஆனால் ஆண்டுகள் போகப்போக இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதைத் தாங்கப் பழகிவிட்டது. 2010-ல் பி.டி. கத்தரிக்காய்க்கு மத்திய அரசு தடை விதித்தது. விதை யாருக்குச் சொந்தம், சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்ற விவாதங்கள் முடிந்தபாடில்லை. மூடிய தொட்டிக்குள் மருந்து செய்வது வேறு. திறந்த வயலில் பயிர் செய்வது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் புகழ்வதும் தவறு, ஒன்றாக்கிப் பயப்படுவதும் தவறு என்பது என் தாழ்மையான கருத்து.

அப்பாவிடம் சொன்னேன்

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு. பட்டறைத் தரையில் சாக்பீஸால் படம் போட்டு, இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார்.

"அப்ப இது மனுசன்கிட்ட இருந்து எடுத்ததுமில்ல?"

"இல்லீங்கப்பா. டிராயிங் மட்டுந்தான் மனுசனோடது. ஜாப் செஞ்சது பாக்டீரியா, இல்லைன்னா ஈஸ்டு. உங்க புட்டியில இருக்கற இன்சுலின் பன்னியில இருந்து எடுத்ததில்லீங்க."

"கிருமியை உள்ள ஏத்தறமாட்ட ஆகாதா?"

"ஷாஃப்ட்டை டெலிவரி பண்ணறப்ப லேத்தையுமா சேர்த்து அனுப்பறீங்க? ஜாப்பைத் தொடச்சுத்தான அனுப்பறீங்க!"

அப்பா சிரித்துவிட்டார். மலைக்குப் போக முடியாமல் போனதில் அவருக்கு இன்னும் வருத்தம் உண்டு. அந்த வருத்தத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நான் ஒரு மாதம் முன்னால் படித்திருந்தால் அந்த ஒன்பது நாளும் நடந்திருக்காது என்ற எண்ணம் எனக்கும் போகவில்லை. அடுத்த கார்த்திகைக்கு டாக்டரைக் கேட்டுக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார், இருமுடியோடு ஒரு ஐஸ் டப்பாவையும் எடுத்துக்கொண்டு!

கடைசியில் அவர் கேட்டார்: "இந்தத் தொட்டியெல்லாம் யாருடா கண்ணு செய்யறாங்க? வெல்டிங், வால்வு, பைப்பு... அதெல்லாம் நம்மாளுக வேலைதான?"

நான் யோசிக்காத கேள்வி அது! ஃபெர்மென்டரின் தண்டு, சீல், வால்வு, கருவிகள், குளிர்விப்பான் எல்லாம் இயந்திரவியல், கருவியியல், வேதியியல், மின்னியல் டிப்ளமோக்காரர்களின் வேலையே. உள்ளே ஒரு கீறல் இருந்தால் அதில் வேண்டாத கிருமி தங்கி முழுத் தொட்டியும் வீணாகும். உயிரியல் நமக்கு வேண்டாத பாடம் என்று இனியும் சொல்லாதீர்கள் நண்பர்களே. உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் யாரோ ஒருவர் அந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உங்களைக் கேட்கக்கூடும்.

நினைவில் நிறுத்த:

1. டி.என்.ஏ. டிராயிங், ஆர்.என்.ஏ. நகல், ரைபோசோம் இயந்திரம், புரதம் ஜாப்.
2. வெட்டு நொதி வெட்டும், லைகேஸ் ஒட்டும், பிளாஸ்மிட் சுமக்கும்.
3. மரபு மொழி எல்லா உயிர்க்கும் அநேகமாக ஒன்றே. அதனால்தான் மனித ஜீனை பாக்டீரியா படிக்கிறது.
4. எந்த விரதமானாலும், யார் என்ன சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் இன்சுலினை நிறுத்தக் கூடாது.

நான்காவதை மட்டுமாவது இன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்